பென்சிலால் எழுதிய ஒற்றை 'இ'

தமிழில் எனக்குப் பிடிக்காத எழுத்து ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தே பிழைத்தவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் கரும்பலகையில் 'இ' எழுதும்போதெல்லாம் என் கை கொஞ்சம் தயங்கும். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் தயங்கியது. இலை, இலை என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவார்கள். எனக்கு லைன் வீட்டின் ஏழாவது கதவு ஞாபகத்துக்கு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் ஒரு நகராட்சித் தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று தாலுகா அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய பட்டியலில் இருப்பவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவர்களைச் சேர்க்க வேண்டும், இல்லாதவர்களை நீக்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். உத்தரவு எழுதியவர் திருப்பூர்ப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார் என்று அன்றைக்கே ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். தலைமையாசிரியர் கேட்காத மாதிரி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிடைத்தது நான்கு சந்து. அதில் பாதி லைன் வீடு. ஒரு நீளக் கட்டடம், பத்துப் பன்னிரண்டு கதவு, கதவுக்கு ஓர் அறை, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். நகராட்சிக் கணக்கில் இந்த முழுக் கட்டடத்துக்கும் ஒரே எண். ஆனால் சுவரில் எண்ணுக்கா பஞ்சம்? வரிக்காரர் எழுதிய பழைய எண், பிறகு வந்த புது எண், மலேரியாக்காரர்கள் எழுதிவிட்டுப் போன எண், மக்கள்தொகைக் கணக்குக்கு வந்தவர்கள் தாரில் எழுதியது, வீட்டுக்காரர் வாடகைக்காகத் தானே போட்டுக்கொண்டது. உங்கள் கதவு எண் என்ன என்று கேட்டால் சுவரைக் காட்டி, எது வேணுமோ எடுத்துக்குங்க டீச்சர் என்பார்கள். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி நானும் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வேன்.

வார நாளில் போனால் எல்லாக் கதவும் பூட்டியிருக்கும். ஆணும் பெண்ணும் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதான். அவர்களுக்கும் வாரத்தில் இருப்பது அந்த ஒரு நாள், எனக்கும் அந்த ஒரு நாள். கறிக்கடை, துணி துவைத்தல், தலைக்குக் குளியல், மத்தியானம் சினிமா. இதற்கு நடுவில் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவளை யார் விரும்புவார்கள்? மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர் என்று பாய் விரிப்பார்கள். பதில்தான் வராது.

தெற்கே திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்களிடம் கேட்டால் ஒரே பதில்: "எங்க ஓட்டு ஊர்ல இருக்கு டீச்சர்." ஆறேழு வருடமாக இங்கே குடியிருப்பார்கள், குழந்தை என் வகுப்பிலேயே படிக்கும், ஓட்டு மட்டும் ஊரில் இருக்கும். இங்கே சேர்த்தால் அங்கே எடுத்துவிடுவார்கள், அங்கே எடுத்துவிட்டால் கோயில் கொடைக்கும் சர்ச் திருநாளுக்கும் போகும்போது நம்மை யாரென்று கேட்பார்கள் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்கு அப்போதும் பட்டது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

உள்ளூர்க்காரர்களோடு வந்த குழப்பம் வேறு. நானும் பல்லடம் பக்கத்துக்காரிதான், எங்கள் பேச்சை நானே குறை சொல்லக் கூடாது. ஆனால் 'இல்லீங்க' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை காரியம் செய்கிறோம் என்பது அந்த வேலையில்தான் எனக்குத் தெரிந்தது. உங்க வீட்டுக்காரர் இருக்காருங்களா என்றால், இல்லீங்க. கடைக்குப் போயிருந்தாலும் இல்லீங்க, வேறு ஊருக்குக் குடிபோயிருந்தாலும் இல்லீங்க, செத்துப்போயிருந்தாலும் இல்லீங்க. செத்துவிட்டார் என்று வாயால் சொல்வது எங்களுக்கு அவ்வளவு லேசில் வராது. எதிரில் நிற்பவரும் மறுபடி கேட்கக் கூடாது, முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பற்றி இல்லீங்க என்று தணிந்த குரலில் சொன்னதும் நானும் தலையைக் குனிந்து, அடப்பாவமே, எப்போதுங்க என்று கேட்டுவிட்டேன். இப்பத்தானுங்க, சொம்பெடுத்துக்கிட்டுப் போனாரு என்றார் அவர். அந்தப் பொதுக் கக்கூஸ் வரிசையில் மூன்றாவது ஆளாக அவர் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

இதெல்லாம் ஊர்க் குழப்பம். இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

பழைய பட்டியலில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து, பிறகு பேனாவால் கார்பன் வைத்துச் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். இருப்பவர் பெயருக்கு நேரே டிக். மற்றவர்களுக்குக் காரணத்தை எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். வெயிலில் நின்றுகொண்டு முழுச் சொல்லையும் யார் எழுதுவது? புத்திசாலி நான், முதல் எழுத்தைப் போட்டால் போதும் என்று முடிவு செய்துகொண்டேன். முதல் ஞாயிறு முழுக்கப் போட்டுத் தள்ளினேன். சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. இறந்தவர், இ. இடம் மாறியவர், இ. இரு இடத்தில் பதிவானவர், இ. அட, டிக் போட மறந்த இடத்தில் இருக்கிறார் என்பதற்கும் ஒரு இ போட்டிருக்கிறேன். பக்கம் முழுக்க இ, இ, இ. பிள்ளைகளின் காப்பி நோட்டைத் திருத்துகிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் மடத்தனத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒவ்வொரு வீடாகக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றைச் சரி செய்தேன். சந்தேகம் வந்த மூன்று நான்கு வீட்டுக்குத் திரும்பவும் போய்க் கேட்டேன். லைன் வீட்டின் ஏழாவது கதவில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் தப்பு.

அங்கே இருந்தவள் பொங்கலூர்ப் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நான் போனபோது வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் அந்தக் கதவுக்கு இரண்டு பெயர், அவள் வீட்டுக்காரர் பெயரும் அவள் பெயரும். அவரைக் கேட்டேன். இல்லீங்க என்றாள். குனிந்த தலை நிமிரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு இ போட்டுவிட்டு எட்டாவது கதவுக்கு நகர்ந்தேன். சுத்தப் பிரதி எடுத்த அன்று அந்தக் கண்ணீர் ஞாபகம் வந்தது. வெங்காயம் ஞாபகம் வரவில்லை. 'இறந்தவர்' என்று மணி மணியான கையெழுத்தில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து வரைவுப் பட்டியல் அச்சாகி வந்து, எங்கள் பள்ளித் தாழ்வாரச் சுவரிலேயே ஒட்டினார்கள். நீக்கப்பட்டவர்கள் பட்டியல் தனியாக, காரணத்தோடு. யாராவது பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவேயில்லை. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. யாரென்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"எப்பங்க டீச்சர்?" என்றாள்.

தேர்தல் எப்போது என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் தெரியல அம்மிணி, சொல்லுவாங்க என்றேன்.

"அதில்லீங்க. எங்கூட்டுக்காரருக்குங்க. எப்பங்க? எந்த ஊர்லீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்க வீட்டுக்காரருக்கு என்ன என்றேன். அவள் தாழ்வாரத்துக்கு நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒரு வரியில் விரலை வைத்தாள். விரல் அந்த இடத்துக்கு நேராகப் போன விதத்தில் அவள் முன்பே பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. 'இறந்தவர்.' என்னுடைய சொல்தான், அச்சில் இருந்தது.

"தகவல் கவருமெண்டுக்குத்தானுங்க மொதல்ல வரும்? உங்களுக்கு வந்திருக்கும்ல. சொல்லுங்க டீச்சர், நான் அழுவ மாட்டனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. தப்பு நம்முடையது என்று தெரிகிற நேரத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். நீதானே அம்மிணி இல்லைன்னு சொன்னே என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஊட்ல இல்லீன்னு சொன்னனுங்க என்றாள். அவ்வளவுதான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

விஷயத்தைப் பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். அவர் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏஜெண்டோடு வடக்கே பஞ்சாபில் லூதியானாவுக்கு மிஷின் வேலைக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு இல்லை. அங்கே அப்போது நிலைமை சரியில்லை என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். கூட்டிப்போன ஏஜெண்டைக் கேட்டால், அவர் எப்பவோ வேலையை விட்டுட்டுப் போயிட்டாரே என்கிறான். சுவரில் அந்தப் பெயரைச் சனிக்கிழமையே பார்த்துவிட்டாளாம். ஞாயிறு பள்ளி லீவு. கேட்கப் பயந்துகொண்டு இரண்டு நாளாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"பொட்டு வெக்கறதா வேண்டாமான்னு தெரியலீங்க டீச்சர். சின்னதா வெச்சிருக்கறனுங்க."

நெற்றியைப் பார்த்தேன். ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. இவ்வளவு வருடத்தில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், அடித்திருக்கிறேன், அதற்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. அந்தப் புள்ளிக்கு வருத்தப்பட்டேன்.

தகவல் எதுவும் வரவில்லை, எல்லாம் என் தப்பு என்று சொன்னேன். பென்சில், முதல் எழுத்து, வெங்காயம், எல்லாவற்றையும் சொன்னேன். சாக்பீஸை எடுத்துத் தாழ்வாரத் தரையில் ஒரு இ எழுதியும் காட்டினேன், ஏதோ பாடம் நடத்துகிற மாதிரி. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். அப்ப இருக்காருங்களா என்றாள். அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது அம்மிணி, ஆனா செத்துட்டாருன்னு யாரும் சொல்லல என்றேன். அந்தப் பதிலே அவளுக்குப் போதுமாக இருந்தது. படியில் உட்கார்ந்து, தண்ணி குடுங்க டீச்சர் என்றாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவளையும் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். தேர்தல் பிரிவில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். மேசையில் அவர் தலை உயரத்துக்குக் கட்டுகள். தப்பாக எழுதிவிட்டேன், அவர் இறக்கவில்லை என்று சொன்னதும் சாதாரணமாகச் சொன்னார்: "இறக்கலையா? அப்ப இருக்கிறார். நீக்கினதை நீக்கிட்டாப் போச்சு."

இல்லை சார், அவர் திருப்பூரிலும் இல்லை என்றேன். அப்படியானால் இடம் மாறியவர், எங்கே மாறியிருக்கிறார் என்றார். தெரியாது. தெரியாமல் எப்படி மாறினார் என்று எழுதுவீர்கள், படிவத்தில் ஊர் கேட்கிறதே என்றார். ஒரு மனிதன் இறந்தும் போகவில்லை, இடமும் மாறவில்லை, இங்கேயும் இல்லை என்றால் அவன் எந்தக் கட்டத்தில் நிற்பான்? அவருக்கும் தெரியவில்லை. நீங்க வெளியே போய் நல்லா விசாரிச்சு, எது சரியோ அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க டீச்சர் என்று அடுத்த கட்டைப் பிரித்தார்.

வெளியே வேப்ப மரத்தடியில் அவள் நின்றிருந்தாள். நான் விவரம் சொன்னேன். இங்கே குடியில்லாதவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது, அதுதான் விதி என்றும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு இருந்துட்டுப் போகட்டுங்க டீச்சர். இங்க இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதானுங்க. அதையும் எடுத்துட்டா அவரு எங்கீங்க வருவாரு?"

ஏற்கெனவே ஒரு தடவை அந்த மனிதரைக் கொன்றவள் நான். மரத்தடியிலேயே நோட்டைத் தொடையில் வைத்து, 'விசாரித்ததில் மேற்படி நபர் மேற்படி முகவரியில் இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை முழுச் சொல். பொய் என்று தெரிந்தே எழுதினேன். எழுதிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று விளங்காமல், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அவிநாசிபாளையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த தேர்தலில் எனக்கு வேலை போடவில்லை, கையில் ஆறு மாதக் குழந்தை. எங்கள் பள்ளியிலேயே எனக்கு ஓட்டு. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பத்து மணி வாக்கில் போனேன். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். புதுச் சேலை, நெற்றியில் நல்ல பெரிய பொட்டு. அவரைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கம்பெனியில் ஓவர்டைம் அதிகம் என்று பேசிக்கொண்டே நகர்ந்தோம்.

அது புகைப்பட அட்டை வராத காலம். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் மேசையில் இருப்பவர் எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் அவரவர் பட்டியலில் அடித்துக்கொள்வார்கள். ஓட்டுப் போட வந்தவரின் பெயருக்குக் கீழே மேசைக்காரர் சிவப்பில் ஒரு கோடு இழுப்பார். பிறகு விரலில் மை, பிறகு ஓட்டுச்சீட்டு. அவள் பெயரை அவர் தேடிக்கொண்டிருக்கும்போது அவளும் குனிந்து பார்த்தாள். அவள் பெயருக்கு மேல் வரியில் அவள் வீட்டுக்காரர் பெயர். அதன் கீழே சிவப்புக் கோடு ஏற்கெனவே இருந்தது.

"ஏனுங்க, இதுல கோடு இருக்குதுங்களே?"

"அவர் போட்டாச்சும்மா. நீங்க மை வெச்சுக்குங்க," என்றார் அந்த மனிதர், பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை வேறு யார் முகத்திலும் நான் கண்டதில்லை, என் கல்யாணப் போட்டோவில்கூட இல்லை. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்க வந்தாரு? தனியாவா வந்தாருங்க? எளைச்சிருந்தாருங்களா?"

நூறு பேர் வர்றாங்கம்மா, யாரைன்னு பார்க்கிறது, நகருங்க என்றார் அவர். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த யாரோ என் மாதிரி ஒரு வாத்தியார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் திரும்பி ஏஜெண்டுகளைப் பார்த்தேன். அதில் ஒருவன் அவளைப் பார்த்தான், பிறகு தன் பட்டியலைப் பார்த்தான், பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. ஆள் இல்லாத பெயர்கள் எவையெவை என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விடிந்ததும் வந்து அவர் பெயரைச் சொல்லி எவனோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது என் கையெழுத்து. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று பயந்தேன். அதோடு, நான் எழுதிக் கொடுத்த பொய்யும் வெளியே வருமே என்று பயந்தேன். இரண்டாவது பயம் சின்னது என்று சொல்ல மாட்டேன். விரலை நீட்டி மை வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வாக்குப்பதிவு முடியும்வரை அவள் பள்ளிக் கேட்டுக்கு எதிரிலேயே நின்றாளாம். அடுத்த வாரம் முழுக்க கம்பெனிக்கு லீவு. நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். அவள் ஊர்ப் பக்கம் போகிற தாராபுரம் பஸ் நிற்கிற இடத்தில் நின்று, போகிற வருகிற ஆண்களின் இடது கை விரலில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. தூண் மறைவில் நின்றுவிட்டு வேறு பஸ் பிடித்துப் போனேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஆனால் உண்மையில் எனக்கு என்ன தெரியும்? ஜன்னலைப் பார்த்த ஒருவனை நான் பார்த்தேன், அவ்வளவுதான். அவரே வந்து போட்டிருந்தால்? ஓட்டுச்சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்து வாங்குவார்களே, அதைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தாலுகா அலுவலகத்து அதிகாரியைக் கேட்டேன். அதெல்லாம் சீல் வைத்தாகிவிட்டது, கோர்ட் சொன்னால் ஒழிய யாரும் பிரிக்க முடியாது என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் கேட்டார். சும்மா என்றேன். போட்டது அவர் இல்லை என்று காலையில் சத்தியம் செய்வேன், மத்தியானம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒருவேளை அவரேதானோ என்று தோன்றும்.

மறு வருடம் திரும்பவும் திருத்தம். வேறு தெரு கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். பழகிய தெருதான் உங்களுக்குச் சுலபம் என்று அதே நான்கு சந்தைக் கொடுத்தார்கள். இந்தத் தடவை காரணத்தை எல்லாம் முழுச் சொல்லாக எழுதினேன், வெயிலில் நின்று, ஓர் எழுத்து விடாமல். ஏழாவது கதவை நான்கு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லை.

அவள் வாசலில் பனியன் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வாங்க டீச்சர் என்று பாய் விரித்தாள். குழந்தையைக் கேட்டாள். நான் நோட்டைப் பிரித்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"அவரு பேர எடுத்துருங்க டீச்சர்."

ஏன் அம்மிணி, நீதானே இருக்கட்டும்னு கேட்டே என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பொறுமையாக, எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னாள்.

"வந்து ஓட்டுப் போட்டது அவருதான்னா, பள்ளிக்கூடத்துக்கு வந்தவரு ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஊட்டுக்கு வராம போயிருக்காருன்னு ஆவுதுங்க. அதை என்னால நெனச்சுப் பாக்க முடியலீங்க. வேற ஆரோ போட்டதாவே இருக்கட்டுங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அன்றைக்கே தோன்றியது என்று அப்போது சொன்னேன். ஒரு வருடம் தாமதமாகச் சொன்னேன். தெரியுமுங்க, நீங்க பஸ் ஸ்டாண்டுல என்னயப் பாத்துட்டு ஒளிஞ்சீங்கல்ல, அப்பவே தெரிஞ்சுதுங்க என்றாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பென்சிலை எடுத்தேன். நீக்குவதென்றால் காரணம் எழுத வேண்டும், என்னன்னு எழுதட்டும் அம்மிணி என்று கேட்டேன். எடுத்துருங்க என்று சொல்ல அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை, இதற்குப் பிடித்தது. வெட்டிப் போட்ட நூலைச் சேர்த்து உருட்டினாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது.

"அன்னிக்கு ஒத்தை எழுத்துப் போட்டீங்கல்லங்க. அதையே போட்டுக்குங்க. அதுல எது நெசமோ, அது அதுக்குள்ளயே இருக்கட்டுங்க."

போட்டேன். வீட்டுக்கு வந்து, சுத்தப் பிரதியில் 'இடம் மாறியவர்' என்று எழுதி, எங்கே என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். அந்த அதிகாரி மாறிப் போயிருந்தார், புதிதாக வந்தவர் கேள்வி கேட்கவில்லை. அச்சாகி வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கு அடுத்ததாக இருந்த அவள் வரி ஓர் எண் மேலே ஏறியிருந்தது. அவள் பெயர், வயது, கதவு எண், கணவர் பெயர். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி விதி எதுவும் இல்லை. எடுக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.